அணுவுக்குள் எலக்ட்ரான்கள்: ஏன் 2, ஏன் 8? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோடியத்தின் எலக்ட்ரான் அமைப்பு என்ன என்று கேட்டால், 2, 8, 1 என்று தூக்கத்தில்கூடச் சொல்லும் மாணவர்கள் உண்டு. உள்ளிருந்து வெளியே அடுத்தடுத்த கூடுகளில், அதாவது ஆற்றல் மட்டங்களில், இருக்கும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இது. முதலில் ஏன் 2, அப்புறம் ஏன் 8, கடைசியில் இருக்கும் அந்த ஒன்று மட்டும் ஏன் அவ்வளவு சுலபமாகக் கழன்றுவிடுகிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். வேதியியல் சொல்லித் தருபவன் என்ற முறையில் அந்த அமைதி எனக்கு நெடுநாள் உறுத்தல். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று ஒருமுறை புரிந்துவிட்டால், தனிம வரிசை அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே பாதி குறைந்துவிடும். அதனால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை எடுத்து, "ஏன்" என்பதை விடாமல் பதில் எழுதியிருக்கிறேன்.

எலக்ட்ரான் என்றால் என்ன? எவ்வளவு சிறியது?

அணுவின் நடுவில் அணுக்கரு இருக்கிறது. அதில் நேர்மின்சுமை கொண்ட புரோட்டான்களும் மின்சுமை இல்லாத நியூட்ரான்களும் அடங்கியிருக்கின்றன. கருவுக்கு வெளியே இருக்கும் எதிர்மின்சுமைத் துகள்தான் எலக்ட்ரான். நிறை 9.109 × 10⁻³¹ கிலோகிராம். ஒரு புரோட்டானின் நிறைக்கு ஈடாக ஏறத்தாழ 1836 எலக்ட்ரான்கள் வேண்டும். மின்சுமையின் அளவு மட்டும் இரண்டுக்கும் அச்சு அசலாக ஒன்றே: 1.602 × 10⁻¹⁹ கூலூம். குறிதான் எதிர். ஓர் அணுவில் இரண்டும் சம எண்ணிக்கையில் இருப்பதால் மொத்தத்தில் அணுவுக்கு மின்சுமை கிடையாது.

நிறையில் கிட்டத்தட்ட எல்லாமே கருவிடம் இருக்கிறது, இடத்தில் கிட்டத்தட்ட எல்லாமே எலக்ட்ரான்களிடம் இருக்கிறது. ஹைட்ரஜன் அணுவின் கருவை 5 மில்லிமீட்டர் மணி அளவுக்குப் பெரிதாக்கினால், அணுவின் குறுக்களவு சுமார் 300 மீட்டர் வரும்.

இதை யார் கண்டுபிடித்தார்கள்?

1897-இல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன். காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் உண்டாகும் கேத்தோடு கதிர்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்து, அவை அணுவைவிட மிகச் சிறிய துகள்கள் என்று காட்டினார். குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்முனை எந்த உலோகமாக இருந்தாலும் அதே துகள்தான் வந்தது. எல்லாப் பொருளுக்கும் பொதுவான ஓர் உறுப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

எலக்ட்ரான்கள் சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி கருவைச் சுற்றுகின்றனவா?

இல்லை. எல்லாப் புத்தக அட்டையிலும் இருக்கும் படம் அதுதான் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டெனும் மெல்லிய தங்கத் தகட்டின் மேல் ஆல்ஃபா துகள்களை (நேர்மின்சுமை கொண்ட கனமான துகள்களை)ச் செலுத்தினார்கள். பெரும்பாலானவை நேராக ஊடுருவிப் போயின. மிகச் சில மட்டும் வந்த வழியே திரும்பின. இதை வைத்து 1911-இல் ரூதர்போர்டு, அணுவின் நடுவில் மிகச் சிறிய, கனமான கரு ஒன்று இருக்க வேண்டும் என்றார். அப்படியானால் எலக்ட்ரான்கள் வெளியே என்ன செய்கின்றன? சுற்றுகின்றன என்று நினைப்பதுதான் இயல்பு. ஆனால் வட்டமாகச் சுற்றும் மின்சுமை ஒளியாக ஆற்றலை இழந்துகொண்டே இருக்கும் என்பது மின்காந்தவியலின் விதி. கணக்குப் போட்டால், சுமார் 10⁻¹¹ நொடியில் எலக்ட்ரான் சுருண்டு கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். உலகம் அப்படி இடிந்து விழவில்லை.

1913-இல் நீல்ஸ் போர் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தார். எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்கள் மட்டுமே அனுமதி, அந்த மட்டத்தில் இருக்கும்வரை அது ஆற்றலை இழக்காது, மட்டம் மாறும்போது மட்டும் ஒளி வெளிவரும் அல்லது உள்வாங்கப்படும் என்றார். ஹைட்ரஜன் வெளியிடும் ஒளிக்கோடுகள் இந்தக் கணக்கோடு அழகாகப் பொருந்தின. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு எலக்ட்ரான் இறங்கினால் 656 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கோடு வரும், அப்படித்தான் வருகிறது.

ஆனால் இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்திடமே போரின் மாதிரி தோற்றுப்போனது. ஆற்றல் மட்டங்கள் உண்மை, வட்டப்பாதைகள்தான் உண்மையில்லை. போரின் படத்தை ஆற்றலின் ஏணியாகப் பாருங்கள், தடம் காட்டும் வரைபடமாகப் பார்க்காதீர்கள் என்றுதான் நான் சொல்லித் தருகிறேன்.

நேரும் எதிரும் ஈர்க்கும் என்கிறோம். பிறகு எலக்ட்ரான் ஏன் கருவுக்குள் விழவில்லை?

என்னிடம் கேட்கப்பட்டவற்றிலேயே ஆகச் சிறந்த கேள்வி இது. "அது வேகமாகச் சுற்றுவதால் விழவில்லை" என்ற பதில் தவறு என்பதை மேலே பார்த்தோம்.

எலக்ட்ரானுக்கு அலைப் பண்பும் உண்டு. 1924-இல் லூயி டி பிராய் இதை முன்வைத்தார். 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின் மேல் எலக்ட்ரான்களைச் செலுத்தி, அலைகளுக்கே உரிய விளிம்பு விளைவைக் கண்டார்கள். அதே காலத்தில் ஜி. பி. தாம்சனும் தனியாக இதை நிறுவினார். இவர் ஜே. ஜே. தாம்சனின் மகன். எலக்ட்ரானைத் துகளாகக் கண்ட தந்தைக்கு 1906-இல் நோபல் பரிசு, அதன் அலைப் பண்பைக் காட்டிய மகனுக்கு 1937-இல் நோபல் பரிசு. இரண்டு பேர் சொன்னதும் சரி.

சரி, அலையாக இருந்தால் என்ன? ஓர் அலையைச் சிறிய இடத்தில் அடைக்க அடைக்க அதன் அலைநீளம் குறுகும். அலைநீளம் குறுகினால் இயக்க ஆற்றல் கூடும். எலக்ட்ரான் கருவை நெருங்கும்போது ஈர்ப்பால் நிலையாற்றல் குறைகிறது, அது லாபம். ஆனால் நெருக்கி அடைக்கப்படுவதால் இயக்க ஆற்றல் அதைவிட வேகமாக ஏறுகிறது, அது நஷ்டம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், மொத்த ஆற்றல் மிகக் குறைவாக இருக்கும் ஒரு தொலைவு கிடைக்கும். ஹைட்ரஜனில் அது சுமார் 53 பிகோமீட்டர். அதைவிட உள்ளே போவதற்குக் கூடுதல் ஆற்றல் தேவை. விழுவதற்கு இனிப் பள்ளமே இல்லாத இடத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஆர்பிட்டும் ஆர்பிட்டாலும் ஒன்றா?

பெயர் ஒன்று போல இருப்பதால் வரும் குழப்பம் இது. ஆர்பிட் என்பது பாதை. ஆர்பிட்டால் என்பது, எலக்ட்ரானைக் காண்பதற்கான வாய்ப்பு எங்கே எவ்வளவு என்று சொல்லும் ஒரு முப்பரிமாணப் பரவல். 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய அலைச் சமன்பாட்டின் தீர்வுகள் இவை. அந்த அலையை நிகழ்தகவாகப் படிக்க வேண்டும் என்று அதே ஆண்டில் மாக்ஸ் பார்ன் சொன்னார். அடுத்த ஆண்டு ஐசன்பர்க், எலக்ட்ரானின் இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்தில் துல்லியமாக அறிய முடியாது என்று நிறுவினார். இரண்டும் சேர்ந்து தெரியாவிட்டால் பாதை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

எஸ் ஆர்பிட்டால் கோள வடிவம். பி ஆர்பிட்டால் நடுவில் ஒடுங்கி இருபுறமும் உப்பிய டம்பெல் வடிவம். டி ஆர்பிட்டால்களில் பெரும்பாலானவை நான்கு இதழ் கொண்டவை. எஃப் இன்னும் சிக்கலானது.

கூடுகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைக்காமல் கே, எல், எம் என்று ஏன் தொடங்கினார்கள்?

சார்ல்ஸ் பார்க்லா எக்ஸ் கதிர்களை ஆராய்ந்தபோது இரண்டு வகைகளைக் கண்டார். இவற்றுக்கு முன்னும் பின்னும் வேறு வகைகள் கண்டுபிடிக்கப்படலாம் என்று இடம் விட்டு, எழுத்து வரிசையின் நடுவிலிருந்து கே, எல் என்று பெயர் வைத்தார். கே-வுக்கு முன்னால் எதுவும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த எழுத்துகளே கூடுகளின் பெயராகவும் நிலைத்துவிட்டன. இன்று 1, 2, 3 என்று எண்களாலேயே சொல்கிறோம். இந்த எண்தான் முதன்மைக் குவாண்டம் எண்.

எஸ், பி, டி, எஃப் என்ற எழுத்துகளும் அப்படித்தான். ஷார்ப், பிரின்சிபல், டிஃப்யூஸ், ஃபண்டமென்டல் என்று நிறமாலைக் கோடுகளுக்கு வைத்த பெயர்களின் முதல் எழுத்துகள். வடிவத்தோடு அவற்றுக்குத் தொடர்பு எதுவும் இல்லை.

2, 8, 18, 32 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன?

கூட்டின் எண்ணை அதாலேயே பெருக்கி, வந்ததை இரட்டிப்பாக்கினால் இந்த எண்கள் கிடைக்கும். ஆனால் இது சூத்திரம். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கூட்டுக்குள் ஒரே வகை ஆர்பிட்டால்களின் தொகுதிதான் துணைக்கூடு. முதல் கூட்டில் எஸ் என்ற ஒரே துணைக்கூடு. இரண்டாவதில் எஸ், பி என இரண்டு. மூன்றாவதில் எஸ், பி, டி என மூன்று. நான்காவதில் எஃப்-உம் சேர்ந்து நான்கு. இனி ஒவ்வொரு துணைக்கூட்டிலும் எத்தனை ஆர்பிட்டால்கள் என்று பாருங்கள். கோளத்தை எப்படித் திருப்பினாலும் கோளம்தான், அதனால் எஸ் ஒன்றே ஒன்று. டம்பெல்லை நீளவாக்கில், அகலவாக்கில், உயரவாக்கில் என மூன்று திசைகளில் வைக்கலாம், அதனால் பி மூன்று. டி ஐந்து, எஃப் ஏழு. முப்பரிமாண வெளியில் நிலையாக நிற்கும் அலை எத்தனை தனித்தனி விதமாக அமைய முடியும் என்ற கணக்கு இது. யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை.

ஒவ்வொரு ஆர்பிட்டாலிலும் இரண்டு எலக்ட்ரான். அப்படியானால் எஸ் 2, பி 6, டி 10, எஃப் 14. கூட்டிக்கொண்டே போங்கள்: 2; 2 + 6 = 8; 2 + 6 + 10 = 18; 2 + 6 + 10 + 14 = 32.

இப்போது தனிம வரிசை அட்டவணையை எடுத்து நெடுவரிசைகளை எண்ணுங்கள். இடதுபுறம் 2, வலதுபுறம் 6, நடுவில் இடைநிலைத் தனிமங்களுக்கு 10. கீழே தனியாக வைத்திருக்கும் இரு வரிசைகளில் ஒவ்வொன்றிலும் எஃப் துணைக்கூட்டுக்கு உரிய 14 இடங்கள். 1869-இல் மெண்டலீவ் இந்த அட்டவணையை வெளியிட்டபோது எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. தனிமங்களின் குணங்களை மட்டும் பார்த்து அடுக்கிய மனிதர், தன்னை அறியாமலே ஆர்பிட்டால்களின் படத்தை வரைந்திருக்கிறார். இதை முதன்முதலில் உணர்ந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

ஓர் ஆர்பிட்டாலில் இரண்டுக்கு மேல் ஏன் இருக்கக்கூடாது?

ஓர் அணுவில் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு குவாண்டம் எண்களும் ஒன்றாக இருக்க முடியாது. 1925-இல் உல்ஃப்காங் பௌலி சொன்ன தவிர்க்கைத் தத்துவம் இது. முதல் மூன்று எண்கள் எந்தக் கூடு, எந்தத் துணைக்கூடு, எந்த ஆர்பிட்டால் என்று சொல்லிவிடும். நான்காவது தற்சுழற்சி. அதற்கு மேல்நோக்கி, கீழ்நோக்கி என இரண்டே மதிப்புகள். அதனால் ஓர் ஆர்பிட்டாலில் இரண்டு பேர், அவர்களும் எதிரெதிர் தற்சுழற்சியோடு.

தற்சுழற்சி என்றதும் பம்பரத்தை நினைக்க வேண்டாம். எலக்ட்ரான் உண்மையில் சுழலும் உருண்டை அல்ல; அதற்குப் பிறவியிலேயே உள்ள ஒரு காந்தப் பண்புக்கு வைத்த பெயர் அது. 1922-இல் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே அனுப்பியபோது, கற்றை சரியாக இரண்டாகப் பிரிந்தது. வெள்ளியின் வெளிக்கூட்டில் இருக்கும் அந்த ஒற்றை எலக்ட்ரானின் தற்சுழற்சிதான் காரணம் என்பது பின்னர் புரிந்தது.

மூன்றாம் கூட்டில் 18 இடம் இருக்கிறது. பொட்டாசியம் ஏன் 2, 8, 9 இல்லை? ஏன் 2, 8, 8, 1?

கூடுகளை நிரப்புவது எண் வரிசைப்படி அல்ல, ஆற்றல் வரிசைப்படி. இதுதான் பதில். ஆனால் 4எஸ் (நான்காம் கூட்டின் எஸ்) எப்படி 3டி-யைவிட (மூன்றாம் கூட்டின் டி-யைவிட)க் கீழே வந்தது?

ஹைட்ரஜனில் ஒரே எலக்ட்ரான் என்பதால் 3எஸ், 3பி, 3டி மூன்றுக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. பல எலக்ட்ரான்கள் இருக்கும் அணுவில் கதை மாறுகிறது. உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள், வெளியே இருப்பவற்றுக்குக் கருவின் ஈர்ப்பை ஓரளவு மறைத்துவிடுகின்றன. இதைத் திரைமறைப்பு விளைவு என்பார்கள். எஸ் ஆர்பிட்டாலுக்கு ஒரு வசதி உண்டு: அதன் பரவலில் ஒரு சிறு பகுதி கருவுக்கு வெகு அருகிலேயே இருக்கிறது. அந்தத் திரையைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்க்க அதனால் முடிகிறது. டி ஆர்பிட்டாலுக்கு அந்த வசதி இல்லை. அது கருவை விட்டு விலகியே நிற்கிறது. ஆகவே பொட்டாசியத்தின் பத்தொன்பதாவது எலக்ட்ரானுக்கு 3டி-யைவிட 4எஸ் ஆற்றல் குறைந்த இடம். அங்கே போகிறது. கால்சியத்தின் இருபதாவதும் அப்படியே.

ஸ்கேண்டியம் முதல் கருவின் மின்சுமை கூடக் கூட 3டி சட்டென்று கீழே இறங்கிவிடுகிறது. இரும்பு அயனியாகும்போது, அதாவது எலக்ட்ரானை இழந்து மின்சுமை பெறும்போது, முதலில் இழப்பது 4எஸ் எலக்ட்ரான்களைத்தான். இரும்பு அணு [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². ([ஆர்கான்] என்றால் ஆர்கானின் 18 எலக்ட்ரான் அமைப்பு; மேலே உள்ள சிறு எண், அந்தத் துணைக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை.) இரண்டு எலக்ட்ரான் போன அயனி [ஆர்கான்] 3டி⁶. கடைசியில் நிரம்பியது முதலில் போகும் என்று நினைத்து இங்கே மதிப்பெண் இழப்பவர்கள் நிறையப் பேர்.

நிரப்பும் வரிசையை எப்படி நினைவில் வைப்பது?

கூட்டின் எண்ணோடு எஸ் என்றால் 0, பி என்றால் 1, டி என்றால் 2, எஃப் என்றால் 3 கூட்டுங்கள். கூட்டுத்தொகை குறைந்தது முதலில் நிரம்பும். தொகை சமமானால் சிறிய கூடு முதலில். 4எஸ்-க்கு 4, 3டி-க்கு 5, ஆகவே 4எஸ் முந்துகிறது. 3டி, 4பி, 5எஸ் மூன்றுக்கும் 5. அப்போது 3டி, 4பி, 5எஸ் என்ற வரிசை. இதற்கு மேடலுங் விதி என்று பெயர்.

குரோமியமும் தாமிரமும் ஏன் இந்த விதியை மீறுகின்றன?

விதிப்படி குரோமியம் 3டி⁴ 4எஸ்² என்று இருக்க வேண்டும். உண்மையில் 3டி⁵ 4எஸ்¹. தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹. பாதி நிரம்பியதும் முழுதும் நிரம்பியதும் நிலைப்புத்தன்மை கூடியவை என்று பாடத்தில் படிப்போம். அதன் பின்னால் இருப்பது இதுதான்: 4எஸ்-க்கும் 3டி-க்கும் ஆற்றல் இடைவெளி இங்கே மிகச் சிறியது. ஒரே தற்சுழற்சி கொண்ட எலக்ட்ரான்கள் தனித்தனி ஆர்பிட்டால்களில் இருந்தால் ஒன்றையொன்று விலக்கும் ஆற்றல் குறையும். அந்தச் சேமிப்பு இடைவெளியை மிஞ்சும்போது எலக்ட்ரான் இடம் மாறுகிறது. மேடலுங் விதி ஒரு நல்ல வழிகாட்டி, இயற்கையின் சட்டம் அல்ல.

பேருந்தில் காலி இருக்கை மாதிரி என்று ஹுண்ட் விதிக்குச் சொல்வார்களே, அது சரிதானா?

ஓரளவு சரி. ஒரே ஆற்றல் கொண்ட ஆர்பிட்டால்கள் பல இருந்தால், எலக்ட்ரான்கள் முதலில் தனித்தனியாக அமர்ந்து, எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வந்த பிறகுதான் ஜோடி சேரும். இருக்கை உவமை விட்டுவிடும் செய்தி ஒன்று: தனியாக அமர்பவற்றின் தற்சுழற்சி எல்லாம் ஒரே திசையில் இருக்கும்.

நைட்ரஜனின் மூன்று பி எலக்ட்ரான்களும் தனித்தனியே இருக்கின்றன. ஆக்சிஜனில் நான்காவது வந்து ஜோடி சேர வேண்டியிருக்கிறது. ஒரே ஆர்பிட்டாலில் இருவர் என்பதால் விலக்கு விசை கூடுகிறது. அதன் தடயம் அளவீட்டில் தெரிகிறது. முதல் எலக்ட்ரானைப் பிடுங்க நைட்ரஜனுக்கு ஒரு மோலுக்கு (6.022 × 10²³ அணுக்களுக்கு) 1402 கிலோஜூல் வேண்டும். அடுத்த தனிமமான ஆக்சிஜனுக்கு 1314 போதும். கருவின் மின்சுமை கூடியும் பிடி தளர்ந்திருக்கிறது.

கூடு, துணைக்கூடு எல்லாம் கற்பனையா? யாராவது பார்த்திருக்கிறார்களா?

ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஒவ்வொரு முறையும் செலவாகும் ஆற்றலைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுகள் தாமாகவே வெளியே தெரியும்.

சோடியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு ஒரு மோலுக்கு 496 கிலோஜூல். இரண்டாவதற்கு 4562. ஒன்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மெக்னீசியத்துக்கு 738, 1451, அதன் பின் 7733. இங்கே தாவல் இரண்டாவதற்குப் பிறகு. அலுமினியத்துக்கு 578, 1817, 2745, அப்புறம் 11,577. தாவல் மூன்றாவதற்குப் பிறகு. 2, 8, 1 என்றும் 2, 8, 2 என்றும் 2, 8, 3 என்றும் நாம் எழுதுவதை அணு தானே எண்ணிக் காட்டுகிறது. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மாணவர்களையே தாவலைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். அதற்குப் பிறகு யாரும் கூடு என்பது கற்பனையா என்று கேட்பதில்லை.

சோடியம் ஏன் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்புகிறது?

விரும்புவதில்லை. மேலே பார்த்த 496 கிலோஜூலைச் செலவழித்தால்தான் அது எலக்ட்ரானை விடும். குளோரின் அணு அதை ஏற்றுக்கொள்ளும்போது 349 கிலோஜூல் திரும்பக் கிடைக்கிறது. கணக்கில் இன்னும் 147 துண்டு விழுகிறது. அப்படியானால் உப்பு எப்படி உண்டாகிறது? நேர் அயனியும் எதிர் அயனியும் படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது ஒரு மோலுக்குச் சுமார் 787 கிலோஜூல் வெளிவருகிறது. எல்லாக் கடனையும் அடைப்பது அந்தப் படிகம்.

"எட்டு நிரம்ப வேண்டும் என்று அணு ஏங்குகிறது" என்று சொல்லித் தருவது எளிது, ஆனால் அது மாணவர்களைத் தவறான இடத்தில் நிறுத்திவிடுகிறது. எட்டு என்றால் வெளிக்கூட்டின் எஸ்-உம் பி-யும் நிரம்பிவிட்டன என்று பொருள். அடுத்த எலக்ட்ரான் வர வேண்டுமென்றால் ஒரு கூடு தள்ளிப் போக வேண்டும், அந்த இடைவெளி பெரியது. எட்டின் மகிமை அவ்வளவுதான். கார்பன் போன்ற தனிமங்களுக்கு நான்கைக் கொடுப்பதும் நான்கைப் பெறுவதும் மிகச் செலவானவை, ஆகவே பகிர்ந்துகொள்கின்றன. இரு கருக்களும் ஒரே ஜோடியை ஈர்ப்பதுதான் சகப்பிணைப்பு. உலோகங்களில் வெளி எலக்ட்ரான்கள் எந்த ஒரு கருவுக்கும் சொந்தமாக இல்லாமல் மொத்தப் படிகத்திலும் பரவியிருக்கின்றன. உலோகம் மின்சாரத்தைக் கடத்துவதும் பளபளப்பதும் அதனால்.

மந்த வாயுக்கள் எதனுடனும் சேராது என்பது உண்மையா?

1962 வரை அப்படித்தான் நம்பினார்கள். அந்த ஆண்டு நீல் பார்ட்லெட் என்ற வேதியியலாளர், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு என்ற சேர்மம் ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைக் கவனித்திருந்தார். ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் (ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவையான ஆற்றல்) செனானின் அயனியாக்கும் ஆற்றலும் கிட்டத்தட்டச் சமம் என்பது அவர் கண்ணில் பட்டது. ஆக்சிஜனிடம் நடந்தது செனானிடமும் நடக்க வேண்டுமே என்று இரண்டையும் கலந்தார். அறை வெப்பநிலையிலேயே மஞ்சள் நிறத் திண்மம் ஒன்று உண்டானது. இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் அத்தனை ஆண்டு நம்பிக்கை உடைந்தது. ஹீலியமும் நியானும் எலக்ட்ரானை மிக இறுக்கமாகப் பிடித்திருப்பவை; செனானில் வெளிக்கூடு வெகுதொலைவில் இருப்பதால் பிடி தளர்வு.

பொருள்களின் நிறத்துக்கும் எலக்ட்ரானுக்கும் என்ன தொடர்பு?

நிறம் என்பதே பெரும்பாலும் எலக்ட்ரான்கள் மட்டம் மாறுவதன் விளைவு. சோடியம் உப்பைச் சுடரில் காட்டினால் மஞ்சள் ஒளி வரும். வெப்பத்தால் 3பி-க்கு ஏறிய எலக்ட்ரான் 3எஸ்-க்குத் திரும்பும்போது 589 நானோமீட்டர் ஒளியாக ஆற்றலை விடுகிறது. ஒவ்வொரு தனிமத்துக்கும் மட்ட இடைவெளிகள் வேறு என்பதால் கோடுகளும் வேறு. 1868-இல் சூரிய ஒளியில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு எந்தத் தனிமத்துடனும் பொருந்தவில்லை. ஹீலியம் அப்படித்தான் சூரியனில் முதலில் அறியப்பட்டது. பூமியில் கையில் கிடைத்தது 1895-இல்.

தங்கத்தின் மஞ்சள் இன்னும் வியப்பானது. 79 புரோட்டான்கள் இழுப்பதால் தங்கத்தின் 1எஸ் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகம் கொண்டவை. அந்த வேகத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவு தலைகாட்டி எஸ் ஆர்பிட்டால்கள் சுருங்குகின்றன. 6எஸ் கீழே இறங்க, 5டி-க்கும் அதற்குமான இடைவெளி குறைகிறது. அந்த இடைவெளி நீல ஒளியின் ஆற்றலுக்குச் சமமாகிவிட, தங்கம் நீலத்தை விழுங்கி மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளியில் அதே இடைவெளி புற ஊதாவில் இருப்பதால் அது வெண்மையாகவே இருக்கிறது.

காந்தத்துக்கும் இதுதான் காரணமா?

ஆம். ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்களின் காந்தத்தன்மை ஒன்றையொன்று அழித்துவிடும். இரும்பு அணுவில் நான்கு 3டி எலக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் நிற்கின்றன. திண்ம இரும்பில் பக்கத்து அணுக்களின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் அணிவகுக்கும்போது நாம் அறிந்த காந்தம் கிடைக்கிறது.

அணு பெரும்பாலும் வெற்றிடம் என்றால், கை ஏன் மேசைக்குள் புகுந்துவிடுவதில்லை?

எலக்ட்ரான்களின் எதிர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பது பாதி பதில். மறுபாதி பௌலியின் தத்துவம். கையின் எலக்ட்ரான்களும் மேசையின் எலக்ட்ரான்களும் ஒரே நிலைகளில் சேர்ந்து அமர முடியாது. நெருக்கினால் சில எலக்ட்ரான்கள் உயர்ந்த ஆற்றல் நிலைகளுக்கு ஏற வேண்டியிருக்கும். அதற்கான ஆற்றலைக் கையால் கொடுக்க முடியாது. முதல் கூட்டில் இரண்டுதான் என்று சொன்ன அதே விதிதான் உங்களைத் தரை விழுங்காமல் காக்கிறது.

வானத்தில் இதன் பெரிய வடிவத்தைப் பார்க்கலாம். எரிபொருள் தீர்ந்த வெண்குறு விண்மீன்கள் தம் ஈர்ப்பாலேயே நொறுங்காமல் நிற்பது எலக்ட்ரான்களின் இந்த மறுப்பால்தான். அந்த மறுப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்று 1930-இல் கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சூரியனின் நிறையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் எலக்ட்ரான்களால் தாக்குப்பிடிக்க முடியாது.

118-ஆம் தனிமத்துக்கு அப்புறம் என்ன?

118-ஆம் தனிமமான ஓகனெசனோடு 7பி நிரம்பி ஏழாம் வரிசை முடிகிறது. 2016-இல் இந்தப் பெயர் அதிகாரப்பூர்வமானது. 119-ஆவது தனிமம் உருவாக்கப்பட்டால் அதன் கடைசி எலக்ட்ரான் 8எஸ்-இல் அமர்ந்து எட்டாம் வரிசையைத் தொடங்கி வைக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். அதையும் தாண்டிச் சில இடங்கள் போனால், இதுவரை எந்தத் தனிமத்தின் அடிநிலையிலும் (ஆற்றல் மிகக் குறைந்த இயல்பு நிலையிலும்) நிரம்பாத ஐந்தாவது வகைத் துணைக்கூடு காத்திருக்கிறது. எஃப்-க்கு அடுத்த எழுத்தான ஜி. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று வந்த வரிசைப்படி அதில் ஒன்பது ஆர்பிட்டால்கள், பதினெட்டு எலக்ட்ரான்களுக்கு இடம்.